கடல் கடந்து கடை திறத்தல்

வணிகர் பிற நாடு செல்வது மிகப் பழைய வழக்கம். ஐரோப்பாவின் வடகடற் கரையில் இடைக்காலத்தே ஓங்கி விளங்கிய ஹான்சா வணிகக் கூட்டத்தார், லண்டன், புரூஜ், பெர்கன், நாவ்கரோட் என்னும் நான்கு நகரங்களிற் பெரிய வணிக மனைகளை அமைத்திருந்தனர். ரஷ்ய நாட்டிலுள்ள நாவ்கரோட் நகருக்கு அவர்கள் சரக்கை மட்டும் அனுப்பினாரல்லர். அந்நாட்டு மொழியைக் கற்றுவரும் பொருட்டு இளைஞரையும் அனுப்பினர். மொழி அறியாதவன் பேரம் பேச இயலாது. நிறையும் அளவும் அறியாதவன் ஏமாறுவான். வழக்கம் அறியாதவன் வீண் பகையைத் தேடிக்கொள்வான். இவ்வுண்மையை அக்காலத்து வணிகர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இக்காலத்து வணிகனோ கப்பலேற வேண்டுவதில்லை. இணையம் என்னும் சாதனம் வந்தபின், தன் ஊரில் இருந்தவாறே பிற நாட்டிற் கடை திறக்கின்றான். அக்கடைக்குச் சுவரும் இல்லை, கதவும் இல்லை. கொள்வோர் தம் இல்லத்திலிருந்தே கணினியிலோ கைப்பேசியிலோ சரக்கின் படத்தைக் காண்கின்றனர், விலையைப் படிக்கின்றனர், வேண்டியதைக் குறித்துப் பணம் செலுத்துகின்றனர். சில நாட்களிற் பொருள் வீடு வந்து சேர்கின்றது. ஸ்டாக்ஹோமில் உள்ள ஒருவர் டோக்கியோ நகரத்தாருக்கு இவ்வாறு விற்றல் கூடும். ஆதலின், உலகம் முழுவதும் ஒரே சந்தையாகிவிட்டது என்றும், ஒரு நாட்டில் நன்கு நடக்கும் இணையக் கடையைப் பிற நாடுகளில் திறப்பதற்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரே போதும் என்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எத்துணை உண்மையுடையது என்பதைச் சில வரலாறுகளைக் கொண்டு ஆராய்வோம்.

1999-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ‘பூ டாட் காம்’ என்னும் இணையக் கடை திறக்கப்பட்டது. பெயரைக் கேட்டு, மலர் விற்ற கடை என்று நண்பர்கள் எண்ணற்க. விளையாட்டிற்குரிய ஆடைகளையும் காலணிகளையும் விற்க எழுந்த கடை அது. அதனை நிறுவியவருள் எர்ன்ஸ்ட் மால்ம்ஸ்டென், காய்சா லேயாண்டர் என்னும் இருவரும் சுவீடன் தேசத்தார். தம் நாட்டில் இணையத்தின் வழியே நூல்களை விற்று முன்னரே பெயர் பெற்றவர்கள். பெரிய வங்கியாரும் புகழ்பெற்ற செல்வக் குடும்பத்தாரும் இவர்களுக்குப் பொருள் உதவினர். கடையை ஒரு நாட்டிலன்று, பதினெட்டு நாடுகளில் ஒரே நாளில் திறப்பது என்று உறுதி செய்தனர்.

இவர்கள் அயல்நாட்டு வேற்றுமைகளை அறியாதவர் என்று கூறுதல் நியாயமன்று. பல மொழிகளிற் பக்கங்களை எழுதுவித்தனர். அவ்வந்நாட்டு நாணயத்தில் விலை காட்டினர். நாட்டுக்கு நாடு மாறுபடும் வரிகளைக் கணினியே கணக்கிடும்படி செய்தனர். வாங்கிய பொருள் பிடிக்கவில்லையெனில் செலவின்றித் திருப்பியனுப்பவும் இடமளித்தனர். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆயின், இத்தனையும் ஒரே பொறியில் அமைய வேண்டியிருந்தமையின் வேலை முடிந்தபாடில்லை. மே மாதத்தில் திறப்பதாக இருந்த கடை நவம்பர் மாதத்தில்தான் திறந்தது. அதுகாறும் வருவாய் இல்லை. செலவு மட்டும் வெள்ளமெனப் பெருகிற்று.

திறந்தபின் மற்றொரு குறை வெளிப்பட்டது. ஆடைகளைத் திருப்பித் திருப்பிக் காட்டும் படங்களும், வருவோரை வரவேற்க ‘மிஸ் பூ’ என்னும் பெயருடைய சித்திரப் பெண்ணும் அக்கடையை அணிசெய்தன. அக்காலத்திற் பெரும்பாலான வீடுகளில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகவே மெல்ல வந்துகொண்டிருந்தது. ஆதலின் பக்கம் கண்முன் தோன்றுவதற்கே பொறுமையுடன் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒருசார் கணினியுடையோர்க்குத் தொடக்கத்தில் அக்கடை திறக்கவேயில்லை. வந்தவர் பலர் ஒன்றும் வாங்காமலே திரும்பினர். ஏறக்குறைய பதினெட்டு மாதங்களில் பதின்மூன்றரைக் கோடி டாலர் செலவாயிற்று. 2000-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் அந்நிறுவனம் கலைப்போர் கையிற் சென்றது. திறந்து ஏழு மாதமும் நிரம்பவில்லை. அதனை நம்பி வேலை பெற்றிருந்த நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

இதன் வாயிலாக நாம் அறிவது யாது? மொழிபெயர்ப்பும் நாணய மாற்றமும் வரிக்கணக்கும் இன்றியமையாதனவே. ஆனால் அவை மட்டும் போதா. ஒரு நாட்டிலேனும் கடை செம்மையாக நடப்பதைக் காணுமுன் பதினெட்டு நாடுகளிற் கால் வைத்தமையால், ஓரிடத்துப் பிழை பதினெட்டு இடத்துப் பிழையாயிற்று. ஒரு நாட்டில் மட்டும் தொடங்கியிருப்பின், பக்கம் மெதுவாக வருகின்றது என்னும் குறையைச் சிறு நட்டத்துடன் கண்டு திருத்தியிருக்கலாம்.

இனி, வேற்று நாட்டில் இணையக் கடை திறப்போர் அறிய வேண்டியன யாவை என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது மொழி. மொழிபெயர்த்தல் எளிதென்று எண்ணுவோர்க்கு அமேசான் நிறுவனம் சுவீடனில் கடை திறந்த வரலாறு ஒரு பாடமாகும். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அக்கடை திறந்தபோது, சரக்குகளின் பெயர்களைக் கணினியே மொழிபெயர்த்திருந்தது. மஞ்சட் பூப் பூக்கும் எண்ணெய் வித்துச் செடியொன்றின் பெயர், நாவாற் கூறத்தகாத ஒரு குற்றத்தின் பெயராக மாறி நின்றது. போதாக்குறைக்கு, நாட்டைக் குறிக்கும் இடத்திற் சுவீடன் கொடிக்குப் பதிலாக அர்ஜென்டினா நாட்டுக் கொடி காணப்பட்டது. சுவீடன் நாட்டார் கைகொட்டி நகைத்தனர். உலகிலேயே மிகப் பெரிய வணிக நிறுவனங்களுள் ஒன்றுக்கு இப்பிழை நேர்ந்ததெனின், சிறிய வணிகர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! மொழி ஒன்றாயிருக்கும் இடத்தும் பொருள் வேறாதல் உண்டு. ‘பேண்ட்ஸ்’ என்று அமெரிக்கர் கூறுவது காற்சட்டையை. இங்கிலாந்தில் அதே சொல் உள்ளாடையைக் குறிக்கும்.

இரண்டாவது எண்ணும் அளவும். ஆங்கிலேயர் ஆயிரத்து இருநூறு என்பதை எழுதுங்கால் ஆயிரத்துக்குப் பின் காற்புள்ளி இடுவர். ஜெர்மானியர் அவ்விடத்திற் புள்ளி வைப்பர். ஆங்கிலேயர் பின்னத்தைப் பிரிக்கப் புள்ளி வைக்குமிடத்தில் ஜெர்மானியர் காற்புள்ளி இடுவர். 1.200 என்னும் எண்ணை ஒருவர் ஆயிரத்து இருநூறு என்றும், மற்றொருவர் ஒன்றேகால் கூட இல்லை என்றும் படிப்பர். 3-4-2020 என்பது லண்டனில் ஏப்ரல் மூன்றாம் நாள். நியூயார்க்கில் அதே குறியீடு மார்ச்சு நான்காம் நாளாகும். காலணியின் அளவோ இன்னும் வேறுபாடுடையது. பிரான்சில் 42 என்னும் எண்ணுடைய காலணி இங்கிலாந்தில் ஏறத்தாழ 8 எனப்படும். ஜப்பானிலோ பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரிற் கூறுவர். கடையிற் சென்று அணிந்து பார்ப்பவனுக்கு எண் தவறினும் கால் காட்டிக் கொடுக்கும். இணையத்தில் வாங்குபவனுக்கு எண் ஒன்றே துணை. அளவு தவறிய காலணி, விற்றவன் தலையிலேயே திரும்பி வந்து விழும்.

மூன்றாவது விலையும் வரியும். அமெரிக்காவிற் பொருளின்மேல் எழுதப்படும் விலை பெரும்பாலும் வரி சேராத விலை. பணம் செலுத்தும் வேளையில் வரி கூட்டப்படும். ஐரோப்பாவிலோ, எழுதிய விலைக்குள் வரியும் அடங்கியிருத்தல் வேண்டும். அவ்வரியும் நாடுதோறும் ஒன்றாயில்லை. பெரும்பாலான பொருள்களுக்கு ஜெர்மனியில் அது நூற்றுக்கு 19; கிரீசில் 24. ஒரு சட்டையை இரு நாட்டிலும் 100 யூரோ என்று விலை குறித்தால், ஜெர்மனியில் வணிகனுக்கு நிற்பது 84 யூரோவும் சில்லறையும். கிரீசில் நிற்பது 81 யூரோவுக்கும் குறைவு. ஒரே விலை வைத்தால் இலாபம் குறையும். வேறு வேறு விலை வைத்தால், அண்டை நாட்டார் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ‘எங்களுக்கு மட்டும் ஏன் அதிகம்?’ என்று வினவுவர். இரண்டிற்கும் விடை கூற ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

நான்காவது பணம் செலுத்தும் முறை. இதுவே பல கடைகள் இடறி விழுந்த இடம். கடன் அட்டை ஒன்றே அமெரிக்கருக்குப் பழக்கமாயிருந்தமையின், உலகெங்கும் அதுவே வழங்கும் என்று அந்நாட்டு வணிகர் சிலர் எண்ணினர். ஜெர்மானியருள் மிகப் பலர் பொருளை முன்னர்ப் பெற்றுப் பார்த்து, உடன் வரும் விலைப்பட்டியலைக் கொண்டு பின்னர்ப் பணம் அனுப்புவதையே விரும்பினர். டச்சுக்காரரிடையே, 2005-இல் தோன்றிய ‘ஐடீல்’ என்னும் முறைப்படி தம் வங்கிக் கணக்கிலிருந்தே நேராகச் செலுத்தும் வழக்கம் பரவியது. ஜப்பானியருட் பலர், இரவும் பகலும் திறந்திருக்கும் தெருக்கோடிச் சிறு கடைக்குச் சென்று ரொக்கமாகக் கட்டுவர். நம் இந்தியரோ, தபாற்காரர் பொருளைக் கொணர்ந்தபின் பணம் கொடுக்கும் வி. பி. பி. முறையில் நெடுங்காலம் பழகியவர். ஆதலின் 2010-ஆம் ஆண்டில் பெங்களூரைச் சேர்ந்த பிளிப்கார்ட் நிறுவனம், பொருள் கைக்கு வந்தபின் பணம் தரலாம் என்று அறிவித்தது. அட்டை இல்லாதவரும், அட்டை இருந்தும் அஞ்சியவரும் அதன்பின் துணிந்து வாங்கலாயினர்.

இவ்வழக்கங்களைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். விற்போனும் கொள்வோனும் முகமறியாதவர். பொருள் முன்னர் வருமா, பணம் முன்னர்ப் போகுமா என்பது, ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்புகின்றனர் என்பதன் அளவுகோலாகும். ஆகவே, பணம் செலுத்தும் முறையை மாற்றச் சொல்லுதல், ‘நீ என்னை நம்பும் முறையை மாற்றிக்கொள்’ என்று வாடிக்கைக்காரரிடம் சொல்வதற்கு ஒப்பாகும். புதிதாய் வந்த கடைக்காரனுக்காக எவரும் அங்ஙனம் மாற்றிக்கொள்ளார்.

இதற்குச் சீன நாட்டில் நிகழ்ந்ததைச் சான்றாகக் காட்டலாம். அமெரிக்காவின் ஈபே நிறுவனம், சீனாவில் முன்னரே நடந்துவந்த ‘ஈச்நெட்’ என்னும் இணையச் சந்தையில் 2002-இற் பங்கு வாங்கி, அடுத்த ஆண்டில் முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. அதே 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜாக் மா என்பவர் நிறுவிய அலிபாபா நிறுவனத்தார் ‘தாவ்பாவ்’ என்னும் சந்தையைத் திறந்தனர். ஈபே விற்போரிடம் கட்டணம் கேட்டது, தாவ்பாவ் கேட்கவில்லை. கொள்வோரும் விற்போரும் எழுத்தால் உடனுக்குடன் உரையாடிப் பேரம் பேசத் தாவ்பாவ் வசதி செய்தது. எல்லாவற்றினும் மேலாக, ‘அலிபே’ என்னும் ஏற்பாடு வந்தது. கொள்வோர் செலுத்தும் பணத்தை நடுவில் உள்ள இவ்வமைப்பு வாங்கி வைத்துக்கொள்ளும். பொருள் வந்து சேர்ந்தது, குறையில்லை என்று கொள்வோர் கூறிய பின்னரே விற்போர்க்கு அளிக்கும். முகமறியாதவரை நம்ப அஞ்சிய மக்களுக்கு இது பெரிய ஆறுதலாயிற்று. ஈபேயோ, சீனச் சந்தையை அமெரிக்காவிலிருந்த தன் பொது அமைப்புடன் இணைத்து, எல்லா நாட்டுக்கும் ஒரே கோலம் போட முனைந்தது. 2006-ஆம் ஆண்டு இறுதியில், தனியே நடத்திய அக்கடையை மூடிவிட்டு, உள்நாட்டு நிறுவனம் ஒன்றின் கூட்டுறவை நாடிற்று. செல்வமும் அனுபவமும் ஈபேயிடமே மிகுதியாயிருந்தன. அந்நாட்டு மக்களின் மனத்தை அறிந்தவர் மற்றவராயிருந்தனர்.

ஐந்தாவது பொருளைக் கொண்டு சேர்த்தல். முகவரி எழுதும் முறையே நாட்டுக்கு நாடு வேறு. ஜப்பானியர் தம் மொழியில் எழுதுங்கால் மாநிலம், நகரம், பேட்டை, எண் என்று பெரியதினின்றும் சிறியதற்கு வந்து, பெறுவோரின் பெயரை இறுதியில் எழுதுவர். அங்குப் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. அயர்லாந்தில் 2015-ஆம் ஆண்டு வரையில் நாடு முழுவதற்கும் உரிய தபாற்குறியீட்டு எண் முறை இருந்ததில்லை. தபாற்குறியீடு எழுதினாலன்றி மேலே செல்லவிடாத கடை, அந்நாட்டாரை வாயிலிலேயே நிறுத்தித் திருப்பியனுப்பிற்று எனலாம். பெயர் எழுதுமிடத்தும் இவ்விடர் உண்டு. குடும்பப்பெயரைக் கட்டாயம் எழுதுக என்று கேட்கும் அயல்நாட்டுக் கடைகளில், தந்தையார் பெயரின் முதலெழுத்தை மட்டும் உடைய நம் தமிழ் மக்கள் யாது எழுதுவதென்று மயங்குவதை நாம் அறிவோம். கேட்பவன் பிழையென்று எண்ணிக் கேட்பதில்லை. தன் நாட்டு வழக்கமே உலக வழக்கமென்று கருதிவிடுகின்றான்.

ஆறாவது பொருளைத் திரும்பப் பெறுதல். ஐரோப்பிய ஒன்றியத்தில், இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைப் பதினான்கு நாட்களுக்குள் காரணம் கூறாமலே மறுத்துவிடக் கொள்வோர்க்குச் சட்டப்படி உரிமையுண்டு. 2008-இற் பெர்லின் நகரத்தில் தோன்றிக் காலணியும் ஆடையும் விற்றுவரும் சலாண்டோ என்னும் கடைக்கு, அனுப்பிய பொருள்களிற் பாதியளவு திரும்பி வருவதாக அந்நிறுவனத்தாரே கூறியுள்ளனர். இரண்டு அளவுகளில் வாங்கி, பொருந்தியதை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுவது அங்கு இயல்பு. இதனை அறியாத அயல்நாட்டு வணிகன், வாடிக்கைக்காரர் ஏமாற்றுகின்றனர் என்று சினங்கொள்வான். அறிந்தவனோ, திரும்பி வருவதை வாங்கிச் சீர்செய்து மறுபடி விற்பதற்குரிய பண்டகசாலையை அமைத்து, அச்செலவை விலையிற் கணக்கிட்டபின்னரே கடை திறப்பான்.

ஏழாவது நாட்டின் சட்டம். பிரான்சு தேசத்தில், சிறிய புத்தகக் கடைகள் அழியாவண்ணம் காக்கும்பொருட்டு 1981-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, புத்தகத்தின் விலையைப் பதிப்பாளர் குறிப்பர். விற்போர் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தள்ளுபடி செய்தல் கூடாது. விலைக்குறைப்பையே படைக்கலமாகக் கொண்ட அமேசான் நிறுவனம் அங்கே அப்படைக்கலத்தை வீச இயலவில்லை. தள்ளுபடியுடன் இலவசமாகக் கொண்டு சேர்ப்பதையும் 2014-இல் மற்றொரு சட்டம் தடுத்தது. உடனே அந்நிறுவனம் அனுப்புங் கூலியை ஒரு சென்டீம், அஃதாவது யூரோவின் நூற்றிலொரு பங்கு, என்று வைத்துச் சட்டத்தின் சொல்லைக் காத்தது. பிரான்சு அரசாங்கம் விடவில்லை. 35 யூரோவுக்குக் குறைந்த புத்தகக் கொள்முதலுக்குக் குறைந்தது 3 யூரோ அனுப்புங் கூலி பெறவேண்டும் என்னும் விதி 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டார் எதனை அருமையாகப் போற்றுகின்றனர் என்பது அவர்தம் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். அதனைக் கருத்துடன் படியாதவன் பின்னர் வழக்கு மன்றத்திற் படிக்க நேரும்.

சட்டம் ஒரே இரவில் மாறுவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் விலகிய பிரிட்டன், 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் அதன் பொதுச் சந்தையையும் சுங்க எல்லையையும் விட்டு நீங்கியது. முதல் நாள் வரையில் லண்டனிலிருந்து பாரிசுக்குத் தடையின்றிச் சென்ற பொட்டலம், மறுநாள் அயல்நாட்டுச் சரக்காகிவிட்டது. பிரிட்டனில் செய்த பொருளுக்குச் சுங்கம் இல்லை என்று உடன்படிக்கை இருந்தது உண்மையே. ஆயின், சீனாவில் தைத்து இங்கிலாந்தில் இறக்கி அங்கிருந்து பிரான்சுக்கு அனுப்பிய சட்டை, பிரிட்டனிற் செய்த பொருளாகாது. முழு விலையும் செலுத்தியவர் வீட்டு வாயிலில், தபாற்காரர் வரியும் சுங்கமும் தருமாறு கேட்டு நின்றார். பலர் பொருளை வாங்க மறுத்தனர். பிரிட்டிஷ் கடைகள் சில, ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே சிலகாலம் நிறுத்தின. கொள்வோர்க்கு உடன்படிக்கையின் நுணுக்கம் தெரியாது. சொன்ன விலை ஒன்று, கேட்ட விலை வேறு என்பதே தெரியும். அக்குறையைக் கடையின் மீதே சுமத்துவர்.

இத்துணை இடர்களைக் கேட்டபின், வேற்று நாட்டில் கடை திறத்தல் ஆகாத காரியம் என்று எண்ண வேண்டா. பொறுமையுடன் செய்தவர் வென்றுள்ளனர். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் புத்தகம் விற்கத் தொடங்கிய அமேசான், மூன்றாண்டு கழித்தே அயல்நாட்டை நாடியது. அப்போதும் தானே நேராக நுழையாமல், பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இணையத்தில் நூல் விற்றுக்கொண்டிருந்த கடை ஒவ்வொன்றை விலைக்கு வாங்கி, அந்நாடுகளின் தொழிலறிந்தாரைத் துணைக்கொண்டு, 1998 அக்டோபரில் தன் பெயரால் திறந்தது. பிரான்சும் ஜப்பானும் 2000-இல் தொடர்ந்தன. ஆயினும் அவ்வெற்றியும் எல்லா நாட்டுக்கும் சீட்டு ஆகவில்லை. 2004-இல் ஏறத்தாழ ஏழரைக் கோடி டாலர் கொடுத்து ‘ஜோயோ’ என்னும் சீனக் கடையை வாங்கியது. பதினைந்து ஆண்டு முயன்றும் உள்நாட்டார்க்கு ஈடுகொடுக்க இயலாமல், 2019 ஜூலையில் அந்நாட்டு விற்போர்க்குரிய சந்தையை மூடிவிட்டது.

ஸ்பெயின் தேசத்து ‘சாரா’ ஆடைக்கடையின் முறை இன்னும் நிதானமானது. அதன் முதற்கடை 1975-இல் லா கொருஞா என்னும் துறைமுக நகரில் திறக்கப்பட்டது. இணையக் கடையை அந்நிறுவனம் 2010 செப்டம்பரிலேயே தொடங்கியது. அதுவும் ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, பிரான்சு, ஜெர்மனி, பிரிட்டன் என்னும் ஆறு நாடுகளில் மட்டுமே. இவ்வாறு நாட்டிலும் அதற்கு முன்னரே தெருக்கடைகள் இருந்தன. இணையத்தில் வாங்கிய மேலாடை பொருந்தாவிடின், அருகிலுள்ள கடையிற் கொண்டுபோய்க் கொடுக்கலாம். மக்கள் அக்கடையின் துணியைக் கையால் தொட்டறிந்தவர். ஆதலின் படத்தைப் பார்த்து வாங்க அஞ்சவில்லை. மறு ஆண்டில் அமெரிக்காவும் ஜப்பானும், 2012-இற் சீனாவும், 2017-இல் இந்தியாவும் சேர்ந்தன. தன் தெருக்கடைகள் இல்லாத நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு இணையத்தின் வழியே விற்கத் துணிந்தது 2018-ஆம் ஆண்டில்தான். பூ டாட் காம் ஒரே நாளிற் பதினெட்டு நாடுகளிற் செய்ய முயன்றதை, இவர்கள் எட்டு ஆண்டுகளிற் படிப்படியாகச் செய்தனர்.

மேற்கூறியவற்றால், அயல்நாட்டில் இணையக் கடை திறப்போர்க்குரிய ஒழுங்கு இன்னதெனத் தெளியலாம். முதலிற் கடை தன் நாட்டிற் பிழையின்றி நடத்தல் வேண்டும். பின்னர், மொழியாலும் வழக்கத்தாலும் சட்டத்தாலும் அணித்தான ஒரு நாட்டைத் தேர்ந்து, அங்கே பிறந்து வளர்ந்தவரைத் துணையாகக் கொள்ளல் வேண்டும். மொழிபெயர்ப்பை அவர் படித்துப் பார்த்த பின்னரே வெளியிடல் வேண்டும். அந்நாட்டார் பழகிய முறையிற் பணம் பெறவும், வரியும் சுங்கமும் உட்பட முழு விலையை முன்னரே கூறவும், திரும்பும் பொருளை வாங்கவும், குறை கூறுவோர்க்கு அவர் மொழியிலேயே விடையிறுக்கவும் ஏற்பாடு செய்தல் வேண்டும். சிறிது காலம் நடத்திப் பிழைகளைத் திருத்திய பின்னரே அடுத்த நாட்டிற் கால் வைத்தல் தகும். இவ்வழி மெதுவானது என்பர். ஆயினும் விரைந்து சென்று வீழ்ந்தாரினும் மெல்லச் சென்று சேர்ந்தாரே முந்தியவராவர்.

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் வழக்கில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, காசு, மற்றொன்று, சொன்ன சொல் தவறாத நேர்மை. கடல் கடந்து கடை திறப்பவனுக்கு இரண்டும் வேண்டும். முதலாவது நாணயத்தை எந்த வங்கியிலும் ஒரு நொடியில் மாற்றிக்கொள்ளலாம். டாலரை யூரோவாக்கலாம், யூரோவை யென்னாக்கலாம். இரண்டாவது நாணயத்தை மாற்றித் தரும் வங்கி எங்கும் இல்லை. ஒரு நாட்டில் எத்துணை நற்பெயர் ஈட்டியிருப்பினும், அடுத்த நாட்டில் அதனை முதற் காசிலிருந்து புதிதாக ஈட்டியே தீரவேண்டும். சொன்ன நாளிற் சொன்ன விலைக்குச் சொன்ன பொருளைக் கொண்டு சேர்க்கும் ஒவ்வொரு பொட்டலமும் அம்முதலிற் சேரும் ஒரு காசாகும்.

நம் கல்லூரி மாணவருட் சிலர் நாளை இத்தகைய நிறுவனங்களில் அமர்ந்து, தாம் என்றும் காணாத ஊரில் வாழும், தாம் என்றும் காணாத மக்களுக்குப் பொருள் விற்கும் பணியை ஏற்கலாம். அன்று அவர்கள் முன் இருப்பது கணினியும் எண்களுமேயாயினும், அவ்வெண்களுக்குப் பின்னே, வாயிற்கதவைத் திறந்து பொட்டலத்தை எதிர்நோக்கி நிற்கும் ஒரு மனிதர் உண்டு என்பதை மறவாதிருத்தல் வேண்டும். நாவ்கரோடுக்கு மொழி கற்கச் சென்ற அவ்விளைஞர் அறிய முயன்றதும் அம்மனிதரையே யன்றோ?